ஜீனோவுக்கு முன்பே சுருங்கிய பெயர்கள்

ஆதார் பற்றி ஒரு செய்தி வந்தால் போதும். ரேஷன் கார்டோடு இணை, வங்கிக் கணக்கோடு இணை, பள்ளிப் பிள்ளைக்கும் எண் கேள் என்று அரசு சொன்ன மறுநாளே நம் தோழர்களில் ஒருவர் 'என் இனிய இயந்திரா' அட்டைப் படத்தைப் போட்டு, "சுஜாதா அப்பவே எழுதிட்டார்" என்று பகிர்வார். கீழே வரிசையாக ஆமாம் போடுவார்கள். சாதி ஒழிப்பு பேசுகிறவர்களும் போடுவார்கள். எனக்கு அந்த 'அப்பவே' மீதுதான் சண்டை. யாருடைய 'அப்ப' அது?

படிக்காத இளம் தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். தூர்தர்ஷனிலும் வந்தது. எதிர்கால இந்தியா ஜீவா என்ற சர்வாதிகாரியின் பிடியில் இருக்கிறது. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண். அந்த எண்ணைத் தட்டினால் அரசின் கணிப்பொறி அவர் கதையைச் சொல்லும். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான்: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும். குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கு வாழ அனுமதி இல்லை. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க வரும் ரவியோடு ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறது. ரவியும் மனோவும் ஜீவாவைக் கவிழ்க்கத் திட்டமிடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை. ஒளியால் செய்த பிம்பம். 'மீண்டும் ஜீனோ' இதன் தொடர்ச்சி.

இந்த நாவலை நான் வெறுக்கவில்லை. போடி நூலகத்தில் முதுகு கிழிந்த பிரதியாக, பதின்மூன்று வயதில் படித்தேன். இரண்டே நாள். இன்று என் முனைவர் பட்ட ஆய்வே எண்பதுகளின் வார இதழ்த் தொடர்கதைகள் பற்றியது என்றால், அந்த இரண்டு நாளுக்கு அதில் பங்கு உண்டு. அறிவியலைத் தமிழில் சொல்ல அகராதி தேவையில்லை, வாயில் இருக்கும் தமிழே போதும் என்று எனக்குக் காட்டியது பள்ளிப் பாடநூல் அல்ல, சுஜாதாதான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர், மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் இருந்தவர். இயந்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்த ஆள் என்பதால் இயந்திரத்தைப் பார்த்து அவருக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. ஜீனோ படிக்கிறது, கிண்டல் செய்கிறது, சந்தேகப்படுகிறது. மனிதர்கள் வந்த மாதிரியே போகிற கதையில் வளர்கிற பாத்திரம் அது ஒன்றுதான். ஆட்சியாளன் வெறும் படம் என்ற யோசனையும் சாதாரணமானதல்ல. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் மாநிலத்தில் உட்கார்ந்து அதை எழுதினார்.

சுஜாதாவின் சாதியைச் சொல்லி நாவலைத் தள்ளிவிடுவது எளிது. அது சோம்பேறிகளின் விமர்சனம். நாவலுக்குள்ளேயே பேச வேண்டியது நிறைய இருக்கிறது. பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த இரண்டெழுத்துப் பெயர் வாசகரை ஏன் திடுக்கிட வைக்கிறது? தாத்தா பெயர், குலசாமி பெயர், ஊர்ப் பெயர், இனிஷியல் என்று நீளமாக ஒன்றைச் சுமந்தவருக்கு, அரசு வந்து அதைக் கத்தரித்து இரண்டெழுத்து ஆக்கினால் அது கொடுமை. மனிதனைக் கோப்பாக மாற்றும் வேலை. சரி. என் தாத்தாவுக்கு நான்கெழுத்துப் பெயர். ஊருக்குள் ஆதிக்கச் சாதி வீடுகளில் அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. இரண்டெழுத்தாகச் சுருக்கி, முன்னால் ஒரு 'டேய்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவனுக்குப் பத்து வயது இருக்கும், தாத்தாவுக்கு அறுபது. அதற்குக் கணிப்பொறியும் தேவைப்படவில்லை, சர்வாதிகாரியும் தேவைப்படவில்லை. ஊரும் சேரியும் இருந்தன, அது போதுமானதாக இருந்தது.

பெயரைக் கத்தரிப்பதற்கு இதைவிடத் துல்லியமான ஏற்பாடும் உண்டு. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த எடைக்குக் கொழுந்து வரவில்லை என்றால் அன்றைக்கு 'அரைப்பேர்'. வேலையில் பாதி குறைந்தால் பெயரிலும் பாதி போய்விடும்! தமிழகத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன நம் மக்கள் இந்தச் சொல்லோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இதை எந்த அறிவியல் புனைகதை எழுத்தாளராவது கற்பனை செய்திருந்தால் மேதை என்றிருப்போம்.

பெயருக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. வட இந்தியாவில் ஒருவர் பெயரைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடுகிறது, இங்கே அப்படித் தெரிவதில்லை என்றால், அது நம் மக்கள் தாங்களே பெயரைக் கத்தரித்துக்கொண்டதால் வந்தது. வாலில்லாத குட்டையான பெயர் தமிழ்நாட்டில் விடுதலையின் அடையாளம். நாவலிலோ குட்டைப் பெயர் அடிமைத்தனத்தின் அடையாளம் மட்டுமே. பெயர் சுருங்குவதில் ஒருவருக்கு விடுதலை, ஒருவருக்கு இழப்பு, என் தாத்தா போன்ற ஒருவருக்கு அன்றாட அவமானம். இந்த மூன்றில் நாவல் ஒன்றைத்தான் பார்த்தது.

பிள்ளை பெற அனுமதி என்பதும் இதே கதைதான். நாவல் வந்ததற்குப் பத்தாண்டு முன்பு நெருக்கடி நிலை. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. இலக்கை எட்ட யாரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை: ஏழைகள், தலித்துகள், முஸ்லிம்கள். விகடன் வாசகர் வீட்டுக்கு அது எதிர்கால பயங்கரமாக வந்தது. வேறு சில வீடுகளில் தையல் தழும்பாகவே இருந்தது.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். பன்னிரண்டு இலக்க எண்ணைச் சுஜாதா முன்கூட்டியே கண்டார் என்பதைக் கொடுத்துவிடலாம். ஆனால் அவர் கண்டது எல்லாவற்றையும் பிசகில்லாமல் அறியும் கணிப்பொறியை. எங்கள் ஊருக்கு வந்தது வேறொன்று. போடியிலிருந்து விடியற்காலை இருட்டில் ஜீப்புகள் புறப்படும். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, சோதனைச் சாவடி தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களில் பெண்களை இறக்கிவிடும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், மண்ணை ஒட்டிப் படர்ந்த சரத்தில் காய்க்கும். ஈரத்தில் குந்தி, குனிந்து, பழுத்ததை மட்டும் பார்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலைக்குப் போனார். அவர் விரலில் ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ரேஷன் கடையில் விரலை வைத்தால் இயந்திரம் ஏற்காது. துடைத்துவிட்டு வைம்மா, வேற விரல் வைம்மா, எண்ணெய் தேய்ச்சுட்டு வந்தியா என்று கேள்வி நடக்கும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். சில நாள் அரிசியோடு வருவார், சில நாள் வெறும் பையோடு.

ஜீவாவின் கணிப்பொறி எல்லோரையும் சமமாகக் கண்காணிக்கிறது. நிஜத்தில் வந்த கணிப்பொறிக்கு, அலுவலகத்தில் கோப்பு புரட்டிய விரல் உடனே தெரிகிறது, காய் கிள்ளிய விரல் தெரிவதில்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து கைப்பேசிச் செயலி வழியாகத்தான் வருகைப் பதிவு, ஒரு நாளைக்கு இரண்டு முறை படம். சிக்னல் இல்லாத காட்டில் அந்தப் படம் ஏறவில்லை என்றால் வேலை செய்தவள் வேலை செய்யாதவள். இதுவும் அரைப்பேர்தானே? முன்பு கங்காணி போட்டார், இப்போது செயலி போடுகிறது.

நாவலின் கவர்ச்சியும் குறையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். ஜீவாவின் ஆட்சியில் எல்லோரும் அடிமை. அக்கிரகாரமும் சேரியும் ஒரே எண் வரிசையில் நிற்கின்றன. படிக்கும் எவரும் தன்னைப் பாதிக்கப்பட்டவராக நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சுகத்தை ஒரு வாரப் பத்திரிகை வாசகருக்கு வேறு எது கொடுக்கும்? நேற்று வரை ஆண்டவர்கூட இந்தக் கதையில் ஒடுக்கப்பட்டவர்.

அந்த இந்தியாவில் சாதி எங்கே போனது? கதையை நகர்த்தும் சிக்கல்களில் சாதி ஒன்றல்ல. யார் அதை ஒழித்தார்கள், எப்போது, எத்தனை பேர் செத்து ஒழிந்தது என்ற கதையை நாவலில் தேடினால் கிடைக்காது. சுஜாதாவுக்குச் சாதி தெரியாது என்று சொல்ல முடியாது. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதியவர்; தன் தெருவின் ஒவ்வொரு திண்ணையும் அவருக்குத் தெரியும். அது மட்டுமல்ல. அவர் சரித்திரக் கதையாகத் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' ஒரு சாதியினரின் எதிர்ப்பால் பாதியில் நிறுத்தப்பட்டு, பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு வடிவில் வந்தது. இறந்தகாலத்தை எழுதினால் சாதி சங்கம் பத்திரிகை வாசலுக்கு வந்துவிடும் என்று நேரில் கண்ட எழுத்தாளர் அவர். எதிர்காலத்துக்கு இன்னும் சங்கம் இல்லை. யாரும் கொடி பிடித்து வரமாட்டார்கள். அவர் அப்படிக் கணக்குப் போட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. விளைவு அப்படி ஆனது. சாதியிலிருந்து தப்பிக்க வழி கிடைத்தது, சாதிக்கு எதிராக ஒரு வரி கிடைக்கவில்லை.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், 1989இல், போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம். உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அப்போது நான் பிறக்கவில்லை. எங்கள் வீட்டில் எதற்கும் தேதி சொல்லும்போது 'கலவரத்துக்கு முன்னாடி', 'கலவரத்துக்கு அப்புறம்' என்றுதான் சொல்வார்கள். அதே ஆண்டுகளில் அச்சான ஒரு எதிர்காலத்தில் இந்தத் தீயின் புகை வாடைகூட இல்லை என்பது ஒரு வாசகியாக எனக்கு உறுத்தாமல் எப்படி இருக்கும்?

ஜீனோவிடம் வருவோம். ஜீனோவைத் திட்டினால் எனக்கு அடி விழும், தெரியும். எனக்கும் பிடித்த நாய்தான். ஆனால் ரோபோ என்ற சொல் எங்கிருந்து வந்தது? செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்திலிருந்து. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு. நம் ஊர்ச் சொல்லில் வெட்டி. சாபெக்கின் ரோபோக்கள் தொழிற்சாலையில் உழைத்து, கடைசியில் கிளர்ந்தெழுகின்றன. அந்தச் சொல்லுக்குள் உழைப்பும் கலகமும் இருந்தன. தமிழுக்கு வந்தபோது அது மடியில் உட்கார்ந்து பேசும் புத்திசாலி நாய் ஆயிற்று. வெட்டி வேலையும் சாதியும் ஒன்றாகப் பிணைந்த நாட்டில், இயந்திரம் முதலில் யாருக்குத் தேவை என்று கேட்க வேண்டிய கதை, தனிமையில் இருப்பவர்களுக்கு ஒரு துணையைச் செய்து கொடுத்தது.

மலக்குழியில் இறங்க ஓர் இயந்திரம் வேண்டும் என்று அந்த ஆண்டுகளின் எந்தத் தமிழ்த் தொடர்கதையும் கற்பனை செய்ததாக என் ஆய்வில் இதுவரை கண்ணில் படவில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம். ஆள்துளைக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் ரோபோவைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் திருவனந்தபுரத்தில் 2018இல் களத்தில் இறக்கினார்கள். பெயர் பெருச்சாளி, ஆங்கிலத்தில் பேண்டிகூட். சந்தேகப்படும் நாயைச் செய்வதைவிட இது கடினமான தொழில்நுட்பமா என்ன? இன்றும் விஷவாயுவில் ஆட்கள் சாகிறார்கள். குழிக்குள் போகிறவர் யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும்போது இயந்திரத்தை யோசிக்க யாருக்கு அவசரம்? கற்பனைக்கும் சாதி உண்டு என்று நான் சொன்னால் கோபப்படுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

நாவலின் புரட்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே புரட்சி செய்வது இரண்டு கெட்டிக்கார இளைஞர்கள். முடிவில் அவர்களே அதிகாரத்தை எடுத்துக்கொண்டு நிலாவைப் பொம்மை ராணியாக உட்கார வைக்கிறார்கள். புரட்சி திருடுபோவதை இவ்வளவு கூர்மையாகக் காட்டியது சுஜாதாவின் சாதனைதான். ஆனால் யாரிடமிருந்து திருடினார்கள்? சங்கமும் வேலைநிறுத்தமும் இல்லாத கதை அது. மக்கள் கூட்டமாக வந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள். தொடக்கத்திலிருந்தே அது அவர்களுடைய புரட்சியாக இல்லை.

"பொழுதுபோக்குத் தொடர்கதையிடம் போய் இதையெல்லாம் கேட்பதா?" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் கேட்டார். கேட்கலாம். இந்த வகை எழுத்து வேறு கைகளில் இதையெல்லாம் செய்திருக்கிறது. 1905இல் சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழ் ஒன்றில் பேகம் ருக்கையா ஆண்களை வீட்டுக்குள் அடைத்த ஒரு நாட்டைக் கனவு கண்டார். அங்கே பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940களில் வந்தது. ஆளுக்கொரு தொலைபேசி, சோதனைக்குழாய்க் குழந்தை என்று அதிலிருந்து கருவிகளை மட்டும் பொறுக்கிப் பெருமைப்படுகிறோம். கருவி வந்த பிறகு உழைப்பு என்னவாகும், உடைமை என்னவாகும், பிள்ளை பெறும் பாரம் பெண்ணைவிட்டு இறங்குமா என்பதுதான் அந்த உரையின் கேள்வி. அமெரிக்காவில் ஆக்டேவியா பட்லர் 1979இல் எழுதிய 'கின்ட்ரெட்' நாவலில் ஒரு கறுப்பினப் பெண் 1976இலிருந்து அடிமைக் காலத்துப் பண்ணைக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். காலப் பயணம் அவளுக்குச் சாகசம் இல்லை. தன் கொள்ளுப்பாட்டிகளின் முதுகில் விழுந்த சவுக்கு அவள் முதுகிலும் விழுகிறது. 'என் இனிய இயந்திரா' வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இது வந்துவிட்டது. எனவே அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுத முடியும் என்ற சமாதானம் செல்லாது.

ஆகவே தோழர்களே, சுஜாதாவைப் படியுங்கள். ஜீனோவைக் கொஞ்சுங்கள். 'அப்பவே எழுதிட்டார்' என்று பகிர்வதற்கு முன் மட்டும், அப்போது அது யாருக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

போடியில் ஏலக்காய்க் கிடங்குகளில் நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. முன்பு பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து பச்சைக் காயையும் வெளுத்த காயையும் கையால் பிரித்தார்கள். இப்போது காய்கள் கேமராவுக்கு முன்னால் விழுகின்றன. வேண்டாததைக் காற்று ஊதித் தள்ளுகிறது. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி இதை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருக்கிறாள். அந்த இயந்திரம் ஒரு நாள் கிடங்கு வாசலில் வேலை கேட்டு நிற்கும் பெண்களைப் பார்க்க ஆரம்பிக்கிறது. யாரை உள்ளே விடுவது, யாரை ஊதித் தள்ளுவது என்று முதலாளி அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இதுவரை யாரும் அதைச் சொற்களில் கேட்டதில்லை. ஏழு பக்கம் ஆகியிருக்கிறது. இயந்திரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று என்னிடம் கேட்டாள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.